சயானிலிருந்து செல்வின் வீட்டுக்கு இருபத்து மூன்று நிமிடம்

இந்த வருடப் பெரிய வெள்ளிக்கிழமை அம்பர்நாத்திலிருந்து கிளம்பி தாராவி, மாதுங்கா, செம்பூர் என்று மூன்று இடங்களுக்கு ஒரே நாளில் போய் வந்தேன். மும்பையில் தமிழில் பெரிய வெள்ளி ஆராதனைக்கு எப்படிப் போவது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். உங்களுக்காக நேரம், கட்டணம், தூரம் எல்லாம் துண்டுச் சீட்டில் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பக்தியோடு போன பயணம் இல்லை. வயிற்றெரிச்சலோடு போன பயணம்.

யார் மேல் என்றால், என் மனைவி எமிலியின் தம்பி செல்வின் மேல். அவன் தாராவியில் இருக்கிறான். வாஷி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் வேலை.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். பெரிய வெள்ளியன்று எங்கள் சபைகளில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவார்கள். பேச வரும்படி வெளிச் சபைகளிலிருந்தும் ஆட்களை அழைப்பார்கள். அழைப்பு வருவது பெரிய கௌரவம், இதை மறைப்பதில் பயனில்லை. செம்பூரில் ஒரு தமிழ்ச் சபை (பெயர் வேண்டாம்) எனக்கு அழைப்பு அனுப்பியது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் உபவாசக் காலமான லெந்து நாட்களின் இரண்டாம் வாரம் வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. இரண்டாம் வார்த்தை, சகோதரர் செல்வின், தாராவி. ஐந்தாம் வார்த்தை, நான்.

ஐந்தாம் வார்த்தை தாகத்தைப் பற்றியது. அது வருவதற்குள் மணி ஒன்றே முக்கால் ஆகிவிடும். முன்னால் பேசுகிறவர்கள் எல்லாம் பத்து நிமிடம் கூடுதலாகத் தின்றிருப்பார்கள். உபவாசம் இருக்கிற ஜனம் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கும். எந்தச் சபையிலும் வெட்டுப்படுவது ஐந்தாம் வார்த்தைதான். முப்பது வருடம் அம்பர்நாத் சபையில் வேதபாடம் வாசித்தவனுக்கு அது. இரண்டு வருடத்துக்கு முன்புவரை குடித்துவிட்டுத் தெருவில் கிடந்தவனுக்கு இரண்டாம் வார்த்தை. ஜனம் தெளிவாக உட்கார்ந்திருக்கும் நேரம். இரண்டாவது, பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குச் சொன்ன வார்த்தை. "அவனுக்குப் பொருத்தமாத்தான் கொடுத்திருக்காங்க" என்று எமிலியிடம் சொன்னேன். அன்று அவள் சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

காலை 7.12க்கு அம்பர்நாத்தில் ஸ்லோ வண்டி பிடித்தேன். சயானுக்கு இரண்டாம் வகுப்பு பதினைந்து ரூபாய். விடுமுறை நாள் என்பதால் வண்டிகள் குறைவு, ஆனால் உட்கார இடம் கிடைக்கும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பதினான்கு பக்கப் பிரசங்கத்தை எடுத்துப் பார்த்தேன். மனம் அதில் நிற்கவில்லை. செல்வினைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அவன் குடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து பதினேழு வருடம் அவனுக்காக ஜெபித்தவன் நான். தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து முட்டி போடுவேன். எமிலி சமையலறையில் நின்றபடியே ஜெபிக்கிற ரகம். முட்டி ஜெபம் என் பொறுப்பு. எங்கள் வீட்டுக்கு வந்தால் குக்கரைக்கூடத் தூக்கிக்கொண்டு போய் விற்றுவிடுவான், அப்படிப்பட்டவனுக்காக. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த ஜெபம் கேட்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து எழுந்தவன், அதன்பிறகு குடியைத் தொடவில்லை. தாராவி சபையில் சாட்சி சொல்ல எழுப்பினார்கள். சாட்சி என்றால், கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபை முன் எழுந்து சொல்வது. அவன் சொல்லச் சொல்ல ஜனம் அழுதது. பக்கத்திலிருந்தவர் கைக்குட்டையைப் பிழிந்தார். முப்பது வருடத்தில் நான் வாசித்த எந்தப் பாடத்துக்கும் ஒருவரும் அழுததில்லை. நான் குடித்ததில்லை, திருடியதில்லை, ஞாயிறு பள்ளியில் ஏழு பரிசு வாங்கியவன். சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அன்று பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டேன்.

அப்புறம் அவனை கோவண்டிக்குக் கூப்பிட்டார்கள், வாஷிக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் அம்பர்நாத் சபைக்கே வந்தான். எனக்குத் தலைவலி என்று வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். முடிந்து வந்தவர்கள் அவன் பேச்சை எடுத்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். யாராவது அவன் பேசும் வீடியோவை அனுப்பினால் இரண்டாம் நிமிடத்தில் நிறுத்திவிடுவேன். ஆஸ்பத்திரி, நர்ஸ், கனவு, எல்லாம் இருக்கும். என் பதினேழு வருடம் இருக்காது. கிடைத்ததெல்லாம் அவனுக்கு, உழைத்ததெல்லாம் நான்.

அந்த முதல் சாட்சிக்கு மறுநாள் காலையோடு எனக்கு ஜெபம் நின்றுவிட்டது. முட்டி போட்டால் அவன் முகம் வரும், கோபம் வரும். சில நாளில் முட்டி போடுவதையே விட்டுவிட்டேன். ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும், அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். சபையில் என்னை ஜெபிக்கச் சொன்னால் பழக்கத்தில் நாக்கு தானாக ஓடும், நான் அதில் இருக்கமாட்டேன். இப்படியே எத்தனை நாள் நடிப்பது? இந்தப் பெரிய வெள்ளியிலும் ஜெபம் திரும்பி வராவிட்டால் ஈஸ்டரோடு வேதபாடம் வாசிப்பதை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அது எமிலிக்கும் தெரியாது.

சயானில் 8.26க்கு இறங்கினேன். மேற்குப் பக்கம் வெளியே வந்து சந்து வழியாக நேராக நடந்தால் செல்வின் வீடு எட்டு நிமிடம். சந்து குறுகல், எதிரே பைக் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வழி கேட்டால் பெரியவர்கள் தமிழில் சொல்வார்கள், பிள்ளைகள் இந்தியில் சொல்வார்கள். எட்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன். செல்வின் வெள்ளைச் சட்டையோடு வாசலிலேயே நின்றான்.

"ஸ்தோத்திரம் அத்தான். மாதுங்காவுல ஒரு வேல இருக்கு. கஞ்சி ஊத்த கிண்ணம் எடுக்கணும். போவமா?"

ஆராதனை முடிந்ததும் உபவாசம் இருந்தவர்களுக்கு கஞ்சியும் துவையலும் கொடுப்பார்கள். அதற்குப் பாக்குமட்டைக் கிண்ணம் முந்நூறு வாங்கும் பொறுப்பையும் இவன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான். எல்லாவற்றிலும் முன்னால் நிற்பான்.

வாசலில் இறங்கியதும் நான் வந்த சந்துப் பக்கம் இடதாகத் திரும்பினேன். அவன் ஒரு நிமிடம் நின்றான், பிறகு வலது பக்கம் திரும்பி நடந்தான். தொண்ணூறடி ரோட்டில் ஏறி, குயவர் குடியிருப்பின் ஓரமாகச் சுற்றி, இரண்டு இடத்தில் ரோட்டைக் கடந்து, மறுபடி திரும்பி. வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏல, இது எந்த ஊரு வழி? ஸ்டேஷன் அந்தப் பக்கம்லா இருக்கு?"

"இப்படியே போயிருவோம் அத்தான். காத்து வரும்."

காற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. சூளைப் புகைதான் வந்தது. வழியெல்லாம் ஆட்கள் அவனுக்குக் கைகாட்டினார்கள். அதற்காகத்தான் சுற்றுகிறான் என்று நினைத்தேன், ஊர்வலம் போகிறானாம். சயானுக்கு இருபத்து மூன்று நிமிடம் ஆனது. கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக் காட்டினேன். "மன்னிச்சிருங்க அத்தான்" என்றான். அதுவும் எரிச்சலாக இருந்தது. இவன் பதிலுக்குக் கோபப்பட்டாலாவது எனக்குச் சற்று நிம்மதியாக இருக்கும்.

சயானிலிருந்து மாதுங்கா அடுத்த ஸ்டேஷன். ஐந்து ரூபாய், மூன்று நிமிடம். கிழக்கே இறங்கி ஏழு நிமிடம் நடந்தால் மார்க்கெட். வாழை இலை, பூ, அப்பளம், பூஜை சாமான் எல்லாம் ஒரே வரிசையில் கிடைக்கும். இலைக் கடைக்காரர் பாலக்காட்டுக்காரர், அறுபது வயது இருக்கும், நெற்றியில் பளிச்சென்று விபூதி. செல்வினைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாப்பா, வா. கிண்ணம் கட்டி வெச்சுட்டேன். ஒரு விஷயம், நம்மாத்து மாட்டுப்பொண்ணுக்கு இது ஒம்பதாம் மாசம். உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையேன்."

"கண்டிப்பா சொல்லுதேன் மாமா. இவுங்கதான் எங்க அத்தான். இவுங்களும் இன்னைக்குப் பேசுதாவ."

"ஓ, அத்தான் அத்தான்னு சொல்லுவியே, இவர்தானா!" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம்." அப்புறம் மறுபடி செல்வினிடம் மருமகளின் ரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

விபூதிக்காரர்கூட இவனிடம்தான் ஜெபம் கேட்கிறார். எனக்கென்று ஒரு பெயர் கிடையாது, இவனுடைய அத்தான், அவ்வளவுதான். மூட்டையைச் சரிபார்த்துக்கொண்டிரு என்று சொல்லிவிட்டு அங்கிருந்து நகர்ந்தேன். இரண்டு கடை தள்ளி ஒரு ஓட்டல். வாசலிலேயே டிகிரி காபி வாசனை. முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டது, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெரிய வெள்ளியன்று மூன்று மணிக்கு முன்னால் நான் எதையும் வாயில் வைத்ததில்லை, பத்து வயதிலிருந்து. யாருக்கு என்ன, யார் பார்க்கிறார்கள், இத்தனை வருடம் பட்டினி கிடந்து என்ன கண்டேன் என்று உள்ளே போனேன். காபி முப்பத்தைந்து ரூபாய். நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 9.55க்கு அதைக் குடித்தேன். குடித்துக்கொண்டே ஞாபகம் வந்தது, நான் இன்று பேசப்போவது தாகத்தைப் பற்றி.

திரும்பி வந்தபோது செல்வின் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். உதடு வெடித்திருந்தது. என் மீசையைப் பார்த்தான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

மூட்டையோடு ரயில் மாறிப் போக முடியாது என்பதால் டாக்சி பிடித்தோம். மாதுங்காவில் ஆட்டோ ஓடாது, அது சயானுக்கு அந்தப் பக்கம்தான், இதைத் தெரியாமல் நின்றுகொண்டிருக்காதீர்கள். செம்பூருக்கு ஏழரை கிலோமீட்டர், மீட்டரில் நூற்றறுபது ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். டிரைவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். முந்நூறு கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "ஷாதி ஹை க்யா?" என்று கேட்டார். கல்யாணமில்லை, எங்கள் சாமி இறந்த நாள் என்று செல்வின் இந்தியில் சொன்னான். அவர் மீட்டருக்குப் பக்கத்திலிருந்த ரேடியோவை உடனே அணைத்துவிட்டார். நான் சொல்லியிருந்தால் அணைத்திருப்பாரா என்று யோசித்தேன். அந்த அளவுக்கு இருந்தேன் அன்று.

செம்பூர் சபை வாசலில் ஒரு அம்மா செல்வினுக்கு வணக்கம் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "நீங்கதான் அம்பர்நாத் அத்தானா?" ஆமாம் என்று கடுப்போடு சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மேற்கூரைத் தகடு வெயிலில் தகித்தது. மின்விசிறிகள் சூடான காற்றை இறைத்தன. பேசுகிற ஏழு பேரையும் பீடத்துக்கு அருகே, சபைக்கு எதிர்முகமாக ஒரே வரிசையில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து எழுந்து போக முடியாது. தலைவலி என்று வேப்பமரம் தேட முடியாது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக செல்வின் பேசுவதை நான் முழுதாகக் கேட்டே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

போதகர் முதல் வார்த்தையை முடித்தபின் செல்வின் எழுந்தான். கையில் தாள் இல்லை.

"எனக்குப் பிரசங்கம் தெரியாது. குடிய நான் விட்டுட்டேன்னு எல்லாரும் சொல்லுதீங்க. நான் விட்டு முடிக்கல. தினமும் விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எங்க வீட்டுல இருந்து சயான் ஸ்டேஷன் எட்டு நிமிஷம். அந்தச் சந்துல ஒரு தேசி தாரு கடை இருக்கு, நாட்டுச் சாராயம். ரெண்டு வருஷமா அந்தச் சந்துல நான் கால் வைக்கல. சுத்தித்தான் போவேன், இருவத்தி மூணு நிமிஷம். மழையிலயும் அப்படித்தான். இன்னைக்கு எங்க அத்தானையும் சுத்த வச்சுட்டேன்."

சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. காலையில் அந்தச் சந்து வழியாகத்தான் வந்தேன். கடை இருந்ததா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

"காலைல அஞ்சரைக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்புவேன். வாசல்ல ஒரு நிமிஷம் நிப்பேன். வலது பக்கமா, இடது பக்கமா? அந்த ஒரு நிமிஷம் இன்னைக்கு வரைக்கும் போகல. அப்போ ஒண்ணே ஒண்ணு நெனச்சுக்குவேன். எங்கேயும் கடைசியா இதைத்தான் சொல்லுவேன், கேட்டவங்களுக்குத் தெரியும். இப்போ அம்பர்நாத்துல எங்க அத்தான் எனக்காக முட்டி போட்டிருப்பாவ. நான் குடிச்ச பதினேழு வருஷமும் அஞ்சரைக்கு எந்திரிச்ச மனுஷன். அவுக அங்க முட்டி போட்டிருக்கையில நான் இங்க இடது பக்கம் திரும்பலாமா? அந்த தைரியத்துல வலது பக்கம் திரும்பிருவேன். அந்தக் கள்ளனுக்குப் பக்கத்துல இயேசு இருந்தாரு. எனக்கு அவர் பக்கத்துல இருக்காருன்னு அத்தானை வச்சுத்தான் தெரியும்."

சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. வாசலில் கையைப் பிடித்த அம்மா அழுதுகொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். ஒவ்வொரு சபையிலும் அவன் என்னைத்தான் சொல்லியிருக்கிறான், கடைசியில். நான் கடைசிவரை எங்கேயும் இருந்ததில்லை. அவன் வாசலில் நின்று என்னை நினைத்த அந்த எழுநூற்றுச் சொச்சம் காலைகளிலும் நான் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

1.50க்கு ஐந்தாம் வார்த்தை. மேடையேறிப் பதினான்கு பக்கத்தையும் பிரித்து வைத்தேன். பேச்சாளர்களுக்கென்று ஒரு தம்ளர் தண்ணீர் மூடி வைத்திருந்தார்கள். என் நாக்கில் இன்னும் காபி ருசி இருந்தது. முதல் வரியை வாசித்தேன், குரல் வரவில்லை. "இதைப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஜெபிப்போம்" என்று மட்டும் சொன்னேன். கண்ணை மூடினேன். ஜெபமும் வரவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே நின்றேன், பிறகு ஆமென் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இறங்கும்போது பார்க்கிறேன், முன்வரிசையில் பாதிப் பேர் அழுகிறார்கள். வாழ்நாளில் முதல்முறையாக என்னைக் கேட்டு ஒரு சபை அழுதது, அதுவும் நான் ஒன்றும் சொல்லாததற்கு. கஞ்சி குடிக்கும்போது ஒருவர் வந்து, "அய்யா, அந்த மௌனம் இருக்கே!" என்றார். இரண்டு வருடமாக எனக்கு வேண்டும் வேண்டும் என்றிருந்தது கைக்கு வந்துவிட்டது. கஞ்சிக் கிண்ணத்தைப் பாதியோடு கீழே வைத்துவிட்டேன்.

மாலை நாலரைக்கு செம்பூரிலிருந்து ஆட்டோ. சயான் ஸ்டேஷனுக்கு ஐந்தரை கிலோமீட்டர், தொண்ணூற்றைந்து ரூபாய். நான் அங்கேயே ரயிலேறியிருக்கலாம். உன்னை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று செல்வினோடு மேற்கே இறங்கினேன். சந்து முனை வந்தது. நேரே போனால் எட்டு நிமிடம், வலதுபக்கம் ரோட்டில் ஏறினால் சுற்று. அங்கே நின்று சொல்லிவிட்டேன்.

"செல்வின், நான் ஜெபம் பண்ணல."

"எப்போ?"

"ரெண்டு வருஷமா. நீ மொத சாட்சி சொன்ன மறுநாள்ல இருந்து. அஞ்சரைக்கு நான் எந்திரிக்கிறதே இல்ல."

அவன் சிரித்தான். "சும்மா இருங்க அத்தான்."

"உண்மைல. எனக்கு உன் மேல பொறாமை."

"என் மேலயா?" அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "எங்கிட்ட என்ன அத்தான் இருக்கு? ஒவ்வொரு சபையிலயும் போயி என் அசிங்கத்தத்தான சொல்லுதேன்?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "அப்போ அஞ்சரைக்கு அங்க யாருமே இல்லையா?"

அந்தக் கேள்வி வருமென்று நான் யோசிக்கவே இல்லை. என் பாரத்தை இறக்கி வைக்கும் அவசரத்தில் அவன் பிடித்திருந்த ஒரே பிடியையும் பிடுங்கிவிட்டேன். அவன் சந்துக்குள் பார்த்தான். ஐம்பது அடி தள்ளி அந்தக் கடையின் போர்டு தெரிந்தது. இப்போது எனக்கும் தெரிந்தது. வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். நேற்றிரவிலிருந்து அரைக் கிண்ணம் கஞ்சி மட்டும் குடித்த மனிதன்.

"பயமா இருக்கு அத்தான்" என்றான்.

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். தெருவில் நின்றபடியே, கண்ணைக்கூட மூடாமல், "ஆண்டவரே, செல்வின்" என்றேன். அதற்குமேல் வாக்கியம் வரவில்லை. முப்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த அழகான ஜெப வார்த்தை ஒன்றும் வரவில்லை. "செல்வின், ஆண்டவரே, செல்வின்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக எந்தப் பெயரைக் கேட்டால் வயிறு எரியுமோ அதே பெயர். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பின்னால் ஒரு பைக்காரன் ஹார்ன் அடித்து, "அரே சாச்சா, ஹடோ நா!" என்று கத்தினான். நகர்ந்தோம். வலது பக்கம் நகர்ந்தோம்.

பாதி வழிவரை அவன் கையை நான் விடவில்லை. குயவர் குடியிருப்பு ஓரத்தில் ஒரு குழாயடியில் நின்று முகம் கழுவினான்.

"ரெண்டு வருஷம் மறுமுனையில ஆளில்லாத கயித்தைப் பிடிச்சுத் தொங்கியிருக்கேன்" என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஆனா விழல பாத்தீங்களா. அப்போ வேற யாரோ பிடிச்சிருக்காரு."

வாசலை அடைந்ததும் என் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தான். "முப்பத்தொரு நிமிஷம். உங்களுக்கு நடையே வரல அத்தான். காலைல காபி குடிச்சும் தெம்பு வரலையே." பார்த்திருக்கிறான், படுபாவி.

இரவு வீட்டுக்கு வந்து எமிலியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காபி வரைக்கும். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "அஞ்சரைக்கு நீங்க எந்திரிக்கலேன்னு எனக்குத் தெரியாதா? குறட்டை சமையலறை வரைக்கும் கேக்குது. நான் அடுப்பு பத்த வைக்கும்போது தினமும் அவன் பேரச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டு வருஷமா உங்க பேரையும் சேத்து." உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு அவள் மேலும் கொஞ்சம் பொறாமை வந்தது.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்தேன். முட்டி வலித்தது. நீளமாக ஒன்றும் ஜெபிக்கவில்லை, அவன் பெயரை மட்டும் சொன்னேன். இன்றுவரை அப்படித்தான் போகிறது. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. போன வாரம் அம்பர்நாத் பெண்கள் கூடுகைக்கு அவனைத்தான் கூப்பிட்டார்கள், என்னை நாற்காலி போடக் கூப்பிட்டார்கள். வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே போய் நாற்காலி போட்டேன், கடைசிவரை உட்கார்ந்து கேட்டேன். பொறாமை போகட்டும் என்று காத்திருந்துதான் இரண்டு வருடத்தை விட்டேன். இனி அது இருக்கும்போதே முட்டி போட வேண்டியதுதான் என்று இப்போது தெரிகிறது. வேதபாடம் வாசிப்பதை விடவில்லை.

அடுத்த வருடம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். விடுமுறை அட்டவணையை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். செம்பூரில் பதினொன்றரைக்குள் போனால்தான் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கும். கஞ்சி எல்லாருக்கும் உண்டு, கிறிஸ்தவர்கள் இல்லாவிட்டாலும் தாராளமாக உட்காரலாம். உபவாசம் இருக்கிறவர்கள் மாதுங்கா மார்க்கெட் வழியாகப் போவதைத் தவிருங்கள். இலைக் கடைக்காரருக்குப் பேரன் பிறந்திருக்கிறான், தாயும் சேயும் நலம்.

சயான் ஸ்டேஷனிலிருந்து செல்வின் வீட்டுக்கு எட்டு நிமிடம் என்றுதான் போனில் மேப் காட்டும். அவனோடு போகிறவர்கள் இருபத்து மூன்று நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். காலை ஐந்தரைக்கு அவன் வாசலில் தனியாகத்தான் நிற்கிறான். அந்த நேரத்தில் விழித்திருந்தால் அவன் பெயரை ஒரு தடவை சொல்லுங்கள். முடிந்தால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. அம்பர்நாத் அத்தான் என்று சொன்னால் போதும்.